பழைய ஃபிலிம் ஸ்கேனரை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? தூக்கிப்போடும் முன் இதையெல்லாம் பாருங்க!

வீட்டில் இருக்கும் பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக மாற்றலாம் என்று ஃபிலிம் ஸ்கேனரைத் தூசி தட்டி எடுக்கிறீர்கள். புது லேப்டாப்பில் இணைத்தால் ஸ்கேனரில் விளக்கு எரிகிறது. ஆனால் திரையில் 'ஸ்கேனர் கிடைக்கவில்லை' என்று வருகிறது. "அவ்ளோதான், மெஷின் போச்சு" என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுங்க. பல நேரங்களில் ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கும். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான டிரைவர்தான் காலாவதி ஆகியிருக்கும்.

உதாரணமாக, பலரிடம் இன்னும் இருக்கும் நிக்கான் கூல்ஸ்கேன் வரிசையை எடுத்துக்கொள்வோம்.

பிரச்னை எங்கே?

2003இல் அறிவிக்கப்பட்ட கூல்ஸ்கேன் 5 இடி, ஒரு அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள் வரை ஸ்கேன் செய்யும் கருவி. இதற்கான 'நிக்கான் ஸ்கேன் 4' மென்பொருள் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா காலத்தோடு நின்றுவிட்டது. 64-பிட் விண்டோஸுக்கு நிக்கான் டிரைவர் தரவில்லை. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். 32-பிட் டிரைவர் அதில் இயங்காது. போதாக்குறைக்கு, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரையும் அது தடுத்துவிடும்.

1. முதலில் ஸ்கேனரைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் இணைக்காமல் மின்சாரம் மட்டும் கொடுங்கள். கூல்ஸ்கேனில் விளக்கு மெதுவாக விட்டுவிட்டு எரியும், உள்ளே மோட்டார் நகரும் சத்தம் கேட்கும். பிறகு விளக்கு நிலையாக எரிந்தால் கருவி தயார். விளக்கு படபடவென்று வேகமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே கோளாறு. அதை எந்த டிரைவராலும் சரி செய்ய முடியாது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

2. கேபிள், போர்ட்டை மாற்றுங்கள்

வேறு யுஎஸ்பி கேபிள் போட்டுப் பாருங்கள். பழைய ஸ்கேனர்கள் சில நேரம் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் தகராறு செய்யும். யுஎஸ்பி 2 போர்ட் இருந்தால் அதில் இணைக்கலாம். லேப்டாப்பில் அது இல்லையென்றால், தனி மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் வைத்துப் பார்க்கலாம்.

3. டிவைஸ் மேனேஜர் என்ன சொல்கிறது?

விண்டோஸ் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறங்க. ஸ்கேனரை இணைக்கும்போது பட்டியலில் என்ன மாறுகிறது என்று கவனியுங்கள்.

* எதுவுமே மாறவில்லை என்றால் கேபிள், போர்ட், மின்சாரம் மூன்றையும் மறுபடி பாருங்கள்.
* மஞ்சள் குறியுடன் 'கோட் 28' என்றால் டிரைவர் இல்லை. ஒருவகையில் இது நல்ல செய்தி. கம்ப்யூட்டர் ஸ்கேனரைப் பார்த்துவிட்டது.
* 'கோட் 52' என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.
* 'கோட் 43' என்றால் கருவியே பிழை சொல்கிறது. கேபிளை மாற்றியும் போகவில்லை என்றால் ஸ்கேனரில் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு.

4. டிரைவருக்கு என்ன வழி?

நிக்கான் கைவிட்ட ஸ்கேனர்களையும் இயக்கும் மென்பொருள்கள் உள்ளன. அமெரிக்காவின் ஹாம்ரிக் நிறுவனத்தின் 'வியூஸ்கேன்', ஜெர்மனியின் லேசர்சாஃப்ட் நிறுவனத்தின் 'சில்வர்ஃபாஸ்ட்' இரண்டும் பிரபலம். இரண்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வியூஸ்கேனின் சோதனைப் பதிப்பு, படத்தின் மேல் வாட்டர்மார்க் போட்டுத் தரும். அதில் உங்கள் ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாம். சில்வர்ஃபாஸ்ட் வாங்கும்போது உங்கள் ஸ்கேனர் மாடலுக்கான பதிப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் லினக்ஸ் இருக்கிறது. அதில் உள்ள 'சேன்' என்ற இலவசத் தொகுப்பு பல கூல்ஸ்கேன் மாடல்களை ஆதரிக்கிறது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். அங்கே ஸ்கேனர் தெரிந்தால், பிரச்னை விண்டோஸ் பக்கம்தான்.

5. யுஎஸ்பி இல்லாத மாடலா?

எல்லா கூல்ஸ்கேனும் யுஎஸ்பி கிடையாது. 4000, 8000, 9000 மாடல்கள் ஃபயர்வயரில் இயங்குபவை. டெஸ்க்டாப் என்றால் தனி ஃபயர்வயர் கார்டு போட வேண்டும். ஆப்பிள் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. அப்டேட் பட்டனை அழுத்தும் முன் யோசியுங்கள்.

இன்னும் பழைய எல்எஸ்-30, எல்எஸ்-2000 மாடல்கள் ஸ்கஸி இணைப்பு கொண்டவை. ஸ்கேனரை முதலில் ஆன் செய்துவிட்டு, பிறகுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டும். மின்சாரம் ஓடும்போது கேபிளைப் பிடுங்கவே கூடாது.

இதை மட்டும் செய்யாதீங்க

'இலவச டிரைவர்' என்று தேடிக் கிடைக்கும் கண்ட தளங்களில் இருந்தும் டவுன்லோட் செய்ய வேண்டாம். டிரைவர் என்ற பெயரில் வைரஸ் வரலாம். விண்டோஸின் கையொப்பப் பாதுகாப்பை நிரந்தரமாக அணைத்து வைப்பதும் ஆபத்து.

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருந்தால் ஸ்கேனுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதனால் இன்டர்நெட் இணைக்காமல், படங்களைப் பென் டிரைவில் மாற்றிக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

நிக்கான் இப்போது கூல்ஸ்கேன் தயாரிப்பதில்லை. இருக்கும் ஒன்றைத் தூக்கிப்போட்டால் அதே தரத்தில் புதிதாக வாங்குவது கஷ்டம். இன்னொரு பக்கம், கலர் நெகட்டிவில் இருக்கும் சாயங்கள் ஆண்டுகள் போகப்போக மங்கிக்கொண்டே இருக்கும். சூடும் ஈரப்பதமும் அதை வேகப்படுத்தும். இன்று கிடைக்கும் நிறம் பத்து வருடம் கழித்து அப்படியே கிடைக்காது.

ஸ்கேனர் வேலை செய்யத் தொடங்கியதும், திரும்ப எடுக்கவே முடியாத படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்கேன் செய்த கோப்புகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். வேலை முடிந்தது என்று நெகட்டிவ்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது கைவிட்டால், அந்த நெகட்டிவ்தான் கடைசிப் பிரதி.