பெண்ணுரிமை இயக்கமும் வர்க்க வேறுபாடும்

பெண்ணுரிமை இயக்கத்தின் வரலாற்றைக் கற்கும்போது, "பெண்கள்" என்னும் ஒரே சொல்லால் அனைவரையும் குறித்துவிடுவது நம் வழக்கமாயுள்ளது. மாளிகைத் தலைவியும் அவள் வீட்டுப் பணிப்பெண்ணும், ஆலை முதலாளியின் மகளும் அவ்வாலையில் நூல் நூற்பவளும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கிவிடுகின்றனர். இவர்கள் ஒரே அநீதியை ஒரே அளவில் சுமந்தவர்களா? இவ்வினாவை ஆராய்வதற்கு, இங்கிலாந்தில் நடைபெற்ற பெண் வாக்குரிமைப் போராட்டம் ஏற்ற சான்றாகும்.

அப்போராட்டத்தைச் செல்வக் குடும்பத்துப் பெண்கள் மட்டுமே நடத்தினர் என எண்ணுவது தவறு. 1901-இல் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் உழைத்த 29,359 பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. 1903-இல் எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார் மான்செஸ்டரில் பெண்களின் சமூக அரசியல் ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். 1905-இல் அதன் சார்பில் முதலில் சிறை சென்ற இருவருள் ஒருவரான ஆனி கென்னி, பத்து வயதிலேயே ஆலை வேலைக்குச் சென்றவர்.

ஆயினும் இயக்கம் எழுப்பிய கோரிக்கை, ஆண்களுக்குள்ள அதே நிபந்தனைகளின்படி பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்பதே. அந்நாளில் ஆண்களின் வாக்குரிமையே சொத்தையும் குடியிருப்பையும் பொறுத்திருந்தது. வயதுவந்த ஆண்களில் பத்தில் நால்வர் அளவினர் அதைப் பெற்றிருக்கவில்லை. பால் வேற்றுமை என்னும் தடையை முதலில் தகர்ப்போம், மற்றவை பின்னர் வரும் என்று தலைவியர் வாதிட்டனர். அவ்வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் அக்கோரிக்கை அவ்வாறே நிறைவேறியிருப்பின், தொழிலாளரின் மனைவியருள் மிகப் பலர் வாயிலுக்கு வெளியே நின்றிருப்பர்.

இந்த வேறுபாட்டைத் தம் உடலிலேயே சோதித்தறிந்தவர் கான்ஸ்டன்ஸ் லிட்டன் சீமாட்டி. இவருடைய தந்தையார் லிட்டன் பிரபு, 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். தாது வருடப் பஞ்சம் நம் மாகாணத்தை வாட்டியது அவருடைய ஆட்சிக்காலத்தில்தான். 1909-இல் நியூகாசில் சிறையில் கான்ஸ்டன்ஸ் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது, மருத்துவர்கள் அவருடைய இதயத்தைச் சோதித்து, அது பலவீனமானதெனக் கூறி விரைவில் விடுவித்தனர். அதே சிறையில் எளிய தோழியருக்கோ குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டது.

தமக்குக் கிடைத்த சலுகை இதயத்தின் பொருட்டா, குலப்பெயரின் பொருட்டா என்று அவர் ஐயுற்றார். எனவே முடியைக் கத்தரித்து, மலிவான உடை அணிந்து, ஜேன் வார்ட்டன் என்னும் தையல்காரியாக 1910 ஜனவரியில் லிவர்பூலில் கைதானார். இம்முறை இதயத்தைச் சோதிக்காமலேயே வலிந்து உணவூட்டத் தொடங்கினர். எட்டு முறை அவ்வாறு செய்தனர். அவர் யாரென்று தெரிந்தபோது சிறைக்கதவு திறந்தது. 1912-இல் பக்கவாதத்துக்கு உள்ளான அவர், இடக்கையால் எழுதிய தம் சிறை நினைவுகளை 1914-இல் வெளியிட்டார். 1923-இல் மறைந்தார்.

அவருடைய தியாகத்தை நாம் மதிக்கிறோம். அதே வேளையில், உண்மையான தையல்காரிக்கு விடுதலை பெற்றுத்தர வேறொரு பெயர் இருக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஏழைப் பெண்ணின் துயருக்குச் சீமாட்டி ஒருவர் சாட்சி பகர்ந்த பின்னரே அது நாட்டின் செவியில் பெரிதும் ஏறியது.

எம்மலினின் மகள் சில்வியா வேறு வழியை நாடினார். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்களே தம் குரலில் பேசும் அமைப்பை அவர் கட்டினார். 1914 ஜனவரியில் அவருடைய சகோதரி கிறிஸ்டபல் அவரைப் பாரிசுக்கு அழைத்து, இயக்கத்திலிருந்து பிரிந்து செல்லுமாறு கூறினார். உழைக்கும் பெண்கள் பெண்குலத்தில் ஆற்றல் குறைந்த பகுதியினர் என்பது கிறிஸ்டபல் காட்டிய காரணங்களுள் ஒன்று எனச் சில்வியா பின்னர் எழுதினார். ஆனால் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அப்பெண்கள் அறுவர் பிரதமர் ஆஸ்க்வித்தை நேரில் கண்டு, தம் கூலியையும் வாழ்வையும் தாமே எடுத்துரைத்தனர். போர்க்காலத்தில் அவர்களுடைய அமைப்பு அடக்கவிலை உணவகங்களை நடத்தியது. ஒரு பழைய மதுக்கடையைத் தாய் சேய் நல விடுதியாக மாற்றியது.

1918-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 84 லட்சம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் அவர்கள் 30 வயது நிரம்பியவர்களாகவும், பெரும்பாலும் தாமோ கணவரோ வீடு நிலம் உடையவர்களாக, அல்லது அவற்றில் குடியிருப்போராகவும் இருக்கவேண்டியிருந்தது. வெடிமருந்து ஆலைகளில் உழைத்த இளம்பெண்களும், எசமானர் வீட்டிலேயே தங்கிய பணிப்பெண்களுள் பலரும் காத்திருக்க நேர்ந்தது. 1928-இல்தான் 21 வயதான ஆண் பெண் அனைவருக்கும் சம உரிமை கிட்டியது.

வர்க்கத்தைப் பேசினால் பெண்களின் ஒற்றுமை குலையும் என்று அஞ்சுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். நாம் கண்ட வரலாறு அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. பிளவை உண்டாக்கியது வர்க்கத்தைப் பற்றிய பேச்சன்று; பேசாது விடப்பட்ட வேறுபாடே. பெண்ணுரிமை பற்றி எழுதவும் போதிக்கவும் முற்படுகிற நாம், யாருடைய பெயரால் கோரிக்கை எழுப்பப்படுகிறது, யாருக்கு அது முதலில் கிட்டுகிறது, யார் காத்திருக்கிறார்கள் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.