மகன்களின் பெயரில் ஒரு வழக்கு

1917 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் கோர்ட் படியேறினார். பெயர் ரோலண்ட் டேகன்ஹார்ட். ரூபன், ஜான் என்ற அவருடைய இரண்டு மகன்களும் அதே ஊரில் ஃபிடிலிட்டி என்ற ஆலையில் வேலை பார்த்தார்கள். ஒருவனுக்கு 14 வயது நிரம்பவில்லை. மற்றவன் 16-ஐ எட்டவில்லை. புதிதாக வரும் சட்டத்தால் என் பிள்ளைகளுக்கு வேலை போய்விடும், அதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அவர் மனு.

அது கீட்டிங்-ஓவன் சட்டம். 1916 செப்டம்பர் 1 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையெழுத்திட்டு, சரியாக ஓராண்டு கழித்து அமலுக்கு வரவிருந்தது. ஆலைகளை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் அதிகாரம் என்பதால், மத்திய அரசு வேறு வழியாக வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேலை செய்யும் ஆலையின் சரக்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தாலும், இரவு ஷிப்டில் போட்டாலும் அதே தடை. வட கரோலினாவின் சொந்தச் சட்டமோ 12 வயதிலேயே ஆலைக் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

சும்மா வந்துவிடவில்லை அந்தச் சட்டம். 1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 10 முதல் 15 வயதுக்குள் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலைக்குப் போவது பதிவாகியிருந்தது. 1904-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டி, லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரரை ஊர் ஊராக அனுப்பியது. பைபிள் விற்பவர், போஸ்ட் கார்டு விற்பவர் என்று ஏதாவது ஒரு வேஷத்தில் ஆலைக்குள் நுழைவார் ஹைன். தன் கோட்டின் எந்தப் பொத்தான் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறது என்று பார்த்து, பாக்கெட்டுக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொள்வார். அறுந்த இழையை முடிந்துகொண்டே இயந்திர வரிசைகளுக்கு இடையில் நடக்கும் சிறுமிகளையும், நிரம்பிய பாபின்களைக் கழற்றிப் புதிது மாட்டுவதற்காக இயந்திரத்தின் மீதே ஏறி நிற்கும் வெறுங்கால் பையன்களையும் அந்தப் படங்களில்தான் நாடு பார்த்தது.

இனி வழக்குக்கு வருவோம். கூலிக்காரரான டேகன்ஹார்ட்டுக்கு இந்த வழக்கை நடத்தப் பணம் ஏது? தென் மாநில ஆலை முதலாளிகள் கொடுத்தார்கள். முன்னின்று ஏற்பாடு செய்தவர், பஞ்சாலை முதலாளிகளுக்காகவே பத்திரிகை நடத்திய டேவிட் கிளார்க். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் ஏழைத் தகப்பன்தான்; பின்னால் நின்றவர்கள் முதலாளிகள். பிள்ளைகள் சம்பளமும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் குடும்பங்களை வைத்திருந்தவர்களே, அந்த வறுமையைக் கோர்ட்டில் வாதமாக்கினார்கள். நூறாண்டு கழித்துப் படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அந்தத் தகப்பன் மேல் அல்ல.

சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள், மாவட்ட நீதிபதி பாய்ட் அது செல்லாது என்றார். 1918 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதையே சொன்னது. சரக்கை எப்படித் தயாரிப்பது என்பது மாநிலத்தின் விஷயம், மத்திய அரசு தலையிட முடியாது என்றது நீதிபதி டே எழுதிய தீர்ப்பு. நாகரிக நாடுகள் எல்லாம் ஒருமனதாகத் தீமை என்று ஏற்ற விஷயம் ஒன்று உண்டென்றால் அது சிறுவர்களைக் கசக்கிப் பிழிவதுதான் என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். ஒரே ஓர் ஓட்டில் பிள்ளைகள் தோற்றார்கள்.

அடுத்து, சிறுவர் உழைப்பில் நடக்கும் ஆலைகளின் லாபத்தில் 10 சதவீதம் வரி என்று 1919-இல் ஒரு சட்டம். அதையும் 1922-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1924-இல் அரசியல் சாசனத்தையே திருத்த நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. போதுமான மாநிலங்கள் கடைசிவரை சேரவில்லை.

அந்தக் காலகட்டத்தில் ஒரு நிருபர் ரூபனைத் தேடிப் போனார். வழக்கில் ஜெயித்த பையன் இப்போது வளர்ந்த ஆள். எடை 105 பவுண்டு, அதாவது 48 கிலோவுக்கும் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. மில்லில் கழிந்த வருஷங்கள் தன் வளர்த்தியையே நிறுத்திவிட்டன என்று அவர் நினைத்தார். வழக்கால் என்ன கிடைத்தது என்று கேட்டதற்கு, பெரிய வக்கீல்கள் வந்தபோது காரில் சவாரி கிடைத்தது, ஆளுக்கொரு கோகோ கோலா வாங்கிக் கொடுத்தார்கள் என்றார். அவர்கள் ஜெயிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்றும் சொன்னார். எந்த உரிமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வழக்கு நடந்ததோ, அந்த உரிமைக்கு உரியவரின் வாக்குமூலம் அது. எந்தக் கோர்ட்டும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

பொருளாதாரப் பெருமந்தம் வந்து, பெரியவர்களுக்கே வேலையில்லாமல் போன பிறகுதான் காற்று திசை மாறியது. 1938-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நியாயமான உழைப்புத் தரச் சட்டம், ஆலை வேலைக்கு 16 வயது, ஆபத்தான வேலைக்கு 18 வயது என்று கோடு போட்டது. 1941 பிப்ரவரியில் டார்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்று, 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று ரத்து செய்தது.

ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டிய கட்டாயமில்லாத நேரத்தில் வயலில் வேலை செய்யும் பிள்ளைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. பருத்தி எடுத்த அந்தப் பிள்ளைகளின் கதை அடுத்த வாரம்.