பத்தாம் சங்கிலி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குச் செல்லும் பேருந்தில் மேற்குப் பக்கமாக அமர்ந்தால், வழி நெடுக மலைத்தொடர் நம்முடனேயே வரும். அத்தொடரின் மடிப்புகளுக்குள்ளே இருப்பது சதுரகிரி. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேருந்தில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. அடிவாரமாகிய தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் கோயில் வரை மூன்று நான்கு மணி நேர ஏற்றம். வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, எலும்பு ஓடை என்று வழியிலுள்ள இடங்களின் பெயர்களே அவ்வழியின் இயல்பைச் சொல்லிவிடும்.

அது நம்மவர் யாத்திரை செல்லும் மலையன்று. ஆயினும் நம் பெயர் அங்கு அறவே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று இஸ்லாத்தை ஏற்று, யாகூப் என்ற பெயருடன் திரும்பிச் சதுரகிரியில் தங்கியிருந்தார் என்பது சித்தர் மரபினர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இதனை வரலாறு என்று கொள்ள நான் துணியேன். செவிவழிச் செய்தியை வரலாற்றின் இருக்கையில் அமர்த்துவது நம்மவரிடம் பெருகிவிட்ட ஒரு பழக்கம்; அதை வளர்க்க விரும்பவில்லை. என் கருத்தை ஈர்த்தது சங்கிலிப் பாறை என்னும் பெயர். அதைக் கேட்ட நாள் முதல் வேறொரு மலையின் சங்கிலிகள் நினைவில் வந்து நின்றன.

ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344ஆம் ஆண்டு. மாலத்தீவில் காழியாக இருந்து விலகிய இப்னு பதூதா கடல் வழியே இலங்கையின் புத்தளம் வந்து சேர்ந்தார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்திருந்த அவ்வரசர், வேண்டுவது யாது என்று வினவினார். ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவட்டைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் பயணி. உடனே பல்லக்கும் ஆட்களும் ஆயத்தமாயின. ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் பரிவாரத்தினர் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர். தான்ஜாவில் பிறந்து மார்க்கச் சட்டம் பயின்ற ஒருவர் யோகிகளின் வழிகாட்டலில் மலையேறிய காட்சியை எண்ணிப் பாருங்கள். அதனை அவர் வியப்பாகவும் எழுதவில்லை, குறையாகவும் எழுதவில்லை.

சிங்களவர் ஸ்ரீபாதம் என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும், நம் முன்னோர் பாவா ஆதம் மலை என்றும் போற்றிய மலை அது. ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடம் இன்னதெனத் திருக்குர்ஆன் குறிப்பிடவில்லை. சரந்தீப் என வருவன உரையாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் எடுத்தாண்ட செய்திகளே. இதனையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

பாதையைப் பற்றி அவர் சொல்வன யாவும் நடந்தவன் சொல்லும் சொற்கள். நீர்நிலைகளை அடுத்த மரங்களிலும் புற்களிலும் அட்டைகள் காத்திருந்து, மனிதர் மீது தாவிப் பற்றும். அதற்காகவே எல்லோரும் எலுமிச்சம்பழம் கையில் வைத்திருப்பார்கள். சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும். மேலே ஏறிய பின் மேகங்கள் காலுக்குக் கீழே மிதந்தன. பாறையில் பழங்காலத்தவர் படிகள் வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். மொத்தம் பத்துச் சங்கிலிகள். இரண்டு மலைவாயிலில், அடுத்தடுத்து ஏழு, பத்தாவதற்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்தில் நின்று கீழே நோக்குபவன், விழுந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் தன்னையறியாமல் கலிமாவை மொழிந்துவிடுவானாம். மரணப் படுக்கையில் மொழிய வேண்டியதை நடுப்பாதையிலேயே மொழிய வைக்கும் சங்கிலி! இவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மார்க்கோ போலோவும் அம்மலையின் சங்கிலிகளைக் குறிப்பிட்டுள்ளார். ஆனால் அந்த அச்சம் அவர் எழுத்தில் இல்லை. கேட்டு எழுதியதற்கும் ஏறி எழுதியதற்கும் உள்ள வேறுபாடு அது.

மலைக்கு இரண்டு வழிகள். ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி; அதாவது ஆதம், ஹவ்வா இருவர் பெயராலும் வழங்குவன. மாமா வழி எளியது. அதன் வழியே இறங்குவார்கள். ஆனால் அதன் வழியே ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே அங்குள்ளோர் மதிப்பதில்லை என்கிறார் இப்னு பதூதா.

இந்த ஓரிடத்தில்தான் எனக்கு ஒரு வினா எழுகிறது. துன்பம்தான் புண்ணியமா? இரு மைந்தர்கள் தாங்கிப் பிடிக்க, தள்ளாடி நடந்து வந்த முதியவர் ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். கஅபாவுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்டவர் அவர். இம்மனிதர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்துப்பட உரைத்து, வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு பணித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. சங்கிலியைப் பற்றிக்கொண்டு ஏறுவது வேறு. சங்கிலி இருக்க அதை விட்டுவிட்டு ஏறுவது வேறு.

சதுரகிரியில் அச்சம் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் வருவதில்லை, நீரிலிருந்தும் வருகிறது. பாதை பல ஓடைகளைக் கடந்து செல்வது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டிப் பக்தர்கள் மலையில் இருந்தபோது காட்டாற்று வெள்ளம் திடீரெனப் பெருகிப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் மட்டுமே அனுமதி இருந்தது; மழை வந்தால் அதுவும் நிறுத்தப்பட்டது. அக்காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நேர்ச்சை நேர்ந்தவனுக்கும் வனத்துக்கும் இடையே வாயிற்காவலன் நிற்கிறான்; அவன் நிலை எளிதன்று.

என்னுடன் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்பவர். ஒரு முறை, மலையடிவாரத்தைக் காட்டுகிறேன் என்று என்னையும் அழைத்துச் சென்றார். தாணிப்பாறையில் தூறல் கூட இல்லை. வாயில் மட்டும் மூடியிருந்தது. மேலே மேகம் கட்டியிருக்கிறது என்றார் காவலர். வெகு தொலைவிலிருந்து வந்த சிலர் அவருடன் வாதிட்டனர். நான் முதியவர் செய்தியை நண்பரிடம் கூறினேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மௌலவி ஐயா, வாகனம் இருந்ததால் அந்தப் பெரியவர் ஏறிப் போனார். இந்த மலைக்கு நடையன்றி வேறு வழி ஏது? நடப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்” என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. பாபா வழியைக் கைவிட்டிருந்தால் இப்னு பதூதாவுக்கும் பத்தாம் சங்கிலி தெரிந்திராது.

தேநீர் அருந்தி முடிப்பதற்குள் ஓடையின் ஓசை மாறியது. நீர் செம்மண் நிறமாகிப் பெருகி வந்தது. வாதிட்டவர்கள் ஒவ்வொருவராக வாயிலைவிட்டு நகர்ந்தனர். நண்பர் இருந்த இடத்திலிருந்தே மலையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, கொண்டுவந்த பழங்களை அங்கிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். இருட்டுவதற்குள் வத்திராயிருப்புப் பேருந்தைப் பிடித்தோம்.