யார் யாரைத் தேடிப் போவது?

பாடநூல்களில் வரும் அந்தப் படம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். டி.என்.ஏ ஒரு தண்டவாளம். அதன்மேல் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி ரயில்போல ஓடி, மரபணுவை ஆர்.என்.ஏவாகப் படியெடுக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். அந்தப் படத்தில் இல்லாமல் போனது இடம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் டி.என்.ஏ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது. அந்த நெரிசலில் ரயில் எப்படி ஓடும்?

1993இல் ஆக்ஸ்ஃபர்டில் பீட்டர் குக்கின் குழு இதைப் பார்க்க முயன்றது. செல்லின் சவ்வைத் துளைத்து, புரோமின் ஏற்றிய ஆர்.என்.ஏ எழுத்தொன்றை உள்ளே அனுப்பினார்கள். புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏவில் அது சேர்ந்துகொள்ளும். பிறகு அந்த இடத்தை ஒளிரவைக்கலாம். நொதி எங்கும் பரவி ஓடினால் உட்கரு முழுதும் ஒளிரவேண்டும். தெரிந்ததோ முந்நூறு முதல் ஐந்நூறு புள்ளிகள். வேலை செய்யும் மரபணுக்களோ ஆயிரக்கணக்கில். அப்படியென்றால் பல மரபணுக்கள் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 'தொழிற்சாலை' என்ற பெயர் வந்தது. இயந்திரம் நிற்கிறது, டி.என்.ஏதான் அதனூடே இழுபட்டு ஓடுகிறது என்று குக் வாதிட்டார். ரயில் நின்றுவிட்டது, தண்டவாளம் ஓடத் தொடங்கியது.

அந்தப் புள்ளிகள் தெரிந்தது ஹீலா செல்களில். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் சொல்லாமலே எடுத்தவை அவை. அதே ஆண்டு, 31 வயதில் அவர் இறந்தார். குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபதாண்டுகளுக்கு மேலானது. தொழிற்சாலை என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம், மூலப்பொருள் யாருடையது என்ற கேள்வியும் எனக்குக் கூடவே வருகிறது.

யார் யாரைத் தேடிப் போனால் என்ன என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் ஃபிரேசரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. எலியின் பி செல்லைத் தூண்டினால், மிக் என்ற மரபணு, எதிர்ப்பொருள் செய்யும் வேறொரு குரோமோசோமின் மரபணு இருக்கும் தொழிற்சாலைக்கே போய்ச் சேர்கிறது. இந்த இரண்டும் உடைந்து, இடம்மாறி ஒட்டிக்கொள்ளும்போதுதான் பெரும்பாலும் மனிதரில் பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோய் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்பவை உடையும்போது தவறாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பு கூடுதல். உட்கருவுக்குள் அக்கம்பக்கம் என்பது சும்மா இல்லை.

அந்தத் தொழிற்சாலைக்குச் சுவர் உண்டா? 2013இல் இப்ராஹிம் சிசேயும் சகாக்களும் உயிருள்ள மனிதச் செல்லில் பாலிமரேஸ் கூட்டங்களைக் கவனித்தார்கள். ஒரு கூட்டம் சராசரியாக ஐந்து நொடிதான் நின்றது. 2018இல் எலியின் குருத்துச் செல்களில் செய்த ஆய்வுகள், இந்தப் புரதங்கள் தண்ணீரில் எண்ணெய்போலத் துளிகளாகத் திரளலாம் என்றன. நீண்டநேரம் நிற்கும் கூட்டங்களும் சில தெரிந்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை.

ரயில், தொழிற்சாலை, துளி. கருவி மாறும்போதெல்லாம் உவமையும் மாறியிருக்கிறது. துளைத்து நிறுத்திய செல்லில் கட்டடம் தெரிந்தது. உயிருள்ள செல்லில் கூட்டம் தெரிகிறது. என்னைக் கேட்டால் நம்மூர் பசார் மாலாம்தான் பொருத்தம் என்பேன்: கடையும் வருகிறது, ஆளும் வருகிறது, வியாபாரம் முடிந்ததும் இரண்டும் கலைகிறது. இதுவும் அடுத்த கருவி வரும்வரைதான்.