பூட்டு பல, கேள்வி ஒன்று

இப்போது வீட்டுக்கு ஒரு ஐ.டி. பிள்ளை இருக்கிறது. "என்ன வேலைப்பா?" என்று கேட்டால் "கிளவுட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாமும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு காப்பியைக் குடிக்க வேண்டியதுதான் :-)

ஆனால் அந்த கிளவுடில் ஒரு சமாசாரம் இருக்கிறது. பி.காம். முடித்து வங்கியில் லெட்ஜரோடு மல்லுக்கட்டும் என் போன்றவர்களுக்கு ரொம்பப் பழக்கமான சமாசாரம் அது. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் கணக்கை ஒரே கேள்வியில் கேட்பது எப்படி?

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1984-ல் டாக்டர் சி. ரங்கராஜன் கமிட்டி கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் நம் வங்கிகளில் கம்ப்யூட்டர் மும்முரமாக நுழைந்தது. ஆனால் கிளைக்குக் கிளை தனிப் பெட்டி. வங்கி முழுக்க டெபாசிட் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், எல்லாக் கிளைகளிலிருந்தும் ஸ்டேட்மெண்ட் வந்து சேரும்வரை தலைமையகம் காத்திருக்கணும். 2000-களில் கோர் பேங்கிங் பரவி, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

கிளவுட் நடந்தது எதிர்த் திசையில். 2006-ல் அமேசான் ஏ.டபிள்யூ.எஸ். என்ற பெயரில் சேமிப்பிடத்தையும் சர்வரையும் வாடகைக்கு விட ஆரம்பித்தது. வாடகைக்கு எடுத்த கம்பெனிகள் நாளடைவில் சோதனைக்கு ஒரு அக்கவுண்ட், நிஜ வியாபாரத்துக்கு ஒரு அக்கவுண்ட், துறைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போயின. காரணம் நியாயமானதுதான். ஒரு அக்கவுண்டின் சாவி களவு போனாலும் மற்றவை தப்பிக்கும். செலவு யார் தலையில் என்பதும் தெளிவாகத் தெரியும். இத்தனையையும் ஒரு குடையின் கீழ் நிர்வகிக்க, 'ஆர்கனைசேஷன்ஸ்' என்ற வசதி 2017-ல் எல்லோருக்கும் கிடைத்தது.

சரி, ஆடிட்டர் வந்து "மொத்தம் எத்தனை சர்வர் ஓடுது?" என்று கேட்டால்?

மவுஸைத் தொடாமல் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பதில் வாங்கும் கருவியை ஏ.டபிள்யூ.எஸ். 2013-ல் முறைப்படி வெளியிட்டது. ஆனால் சர்வர் கணக்கு கேட்டால், அது ஒரு தடவைக்கு ஒரு அக்கவுண்டில், ஒரு ரீஜனில் உள்ளதைத்தான் சொல்லும். 30 அக்கவுண்ட், 15 ரீஜன் என்றால் 450 தடவை கேட்கணும். வரும் பதில்களைக் கூட்ட தனியாக ஒரு ஸ்கிரிப்ட் வேறு எழுதணும். பழைய கிளை ஸ்டேட்மெண்ட் கதையேதான்!

இதற்கான விடைக்கு விதை 1970-லேயே விழுந்துவிட்டது. ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், தகவல்களை அட்டவணைகளாகப் பார்க்கலாம், கேட்பவருக்கு அவை மெஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிய வேண்டியதில்லை என்று எழுதினார். அதே ஆய்வகத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் 'சீக்வெல்' என்ற கேள்வி மொழியை வெளியிட்டார்கள். அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் சிக்கல் வந்ததால் அது எஸ்.க்யூ.எல். ஆனது. பாவம், பாய்ஸ் அதே 1974-லேயே சின்ன வயதில் காலமாகிவிட்டார்.

அடுத்த படி 2011-ல் வந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.1 பதிப்பில் 'ஃபாரின் டேபிள்' அறிமுகமானது. பார்க்க அட்டவணை போல இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. நாம் கேட்டதும் வெளியே எங்கேயோ போய் விசாரித்து வந்து சொல்லும். 2021-ல் டர்பாட் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம்பைப் என்ற கருவி இந்த ஏற்பாட்டை கிளவுடுக்குப் பொருத்தியது. சர்வர், டிஸ்க், பக்கெட் எல்லாம் அட்டவணைகளாகத் தெரியும். பல அக்கவுண்டுகளை 'அக்ரிகேட்டர்' என்று ஒரே பெயரில் கட்டிவிட்டால், கறுப்புத் திரையில் ஒரு வரி போதும். ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் அது எந்த அக்கவுண்ட், எந்த ரீஜன் என்று வந்து நிற்கும்.

இங்கேதான் கவனம் தேவை. பணப் பட்டுவாடா தகவல்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. "வெளிநாட்டில் நம் டிஸ்க் ஏதாவது இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார், ஆனால் கருவியின் செட்டிங்கில் மும்பை ரீஜன் மட்டும்தான் இருக்கிறது என்று வையுங்கள். பதில் 'பூஜ்யம்' என்றுதான் வரும். சிங்கப்பூரில் டிஸ்க் இருந்தாலும் பூஜ்யம்தான்! பட்டியலில் சேர்க்காத அக்கவுண்டுக்கும் இதே கதி. அந்த டிஸ்கில் இருப்பது ஊரில் அம்மாவுக்கு நாம் மாதாமாதம் அனுப்பும் பணத்தின் விவரமாகக்கூட இருக்கலாம்.

வங்கிகள் கணக்கை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து கேள்வியைச் சுலபமாக்கின. கிளவுடில் பூட்டுகள் தனித்தனியாகவே இருக்கட்டும், அது பாதுகாப்பு. கேள்வி மட்டும் ஒன்றாகட்டும். ஆனால் கூட்டிய தொகையை நம்புவதற்கு முன்னால், கூட்டலில் எல்லாக் கிளையும் சேர்ந்திருக்கிறதா என்று டிக் அடித்துப் பார்க்கிற வேலை லெட்ஜர் காலத்திலும் மனுஷனுடையதுதான், இன்றைக்கும் மனுஷனுடையதுதான்.