சௌந்தரம் டாக்டரம்மா

பழனியில் பிறந்த பெண்ணுக்கு மொட்டைத் தலை புதிதல்ல. குழந்தை, கிழவி, புதுமணப்பெண் என்று யாரும் முருகனுக்கு முடி கொடுப்பார்கள். அது நேர்த்திக்கடன், மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். ஆனால் நூறு வருடம் முன்பு பிராமண வீடுகளில் கணவனை இழந்த பெண்ணுக்கு மழிக்கப்பட்ட தலை வேறு. அதை மறுபடி வளர விடமாட்டார்கள். டி.எஸ். சௌந்தரத்தின் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

1904இல் பிறந்தவர். தந்தை டி.வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையில் பஸ் ஓட்டி டி.வி.எஸ். என்ற பெயரை நிலைநாட்டியவர். சௌந்தரத்துக்குச் சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். மனைவியைப் படிக்கச் சொன்னவர். 1925இல் பிளேக் நோயில் அவர் இறந்தார். சௌந்தரம் மூலையில் உட்காரவில்லை, பெற்றோரும் உட்கார வைக்கவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936இல், முப்பதைத் தாண்டிய வயதில், டாக்டராக வெளியே வந்தார். பணம் இருந்தது, படித்தார் என்று சிலர் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அன்று பணம் இருந்த எத்தனையோ வீடுகளில் விதவை மகளுக்குக் கிடைத்தது ஒரு பாயும் ஒருவேளைச் சாப்பாடும்தான்.

டெல்லியில் கிடைத்த தோழி சுசீலா நய்யார். அவர் வழியாகக் காந்தி. காந்தி வட்டத்தில் ஜி. ராமச்சந்திரன். கேரளத்துக்காரர், வேறு சாதி. மகளின் படிப்புக்குத் துணை நின்ற அதே குடும்பம் இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொன்னது. படிக்க வைப்பது வேறு, சாதி தாண்ட விடுவது வேறு. நம் வீடுகளில் இன்றைக்கும் அந்தக் கோடு அழியவில்லை. பார்க்காமல், கடிதம் எழுதாமல் ஒரு வருடம் பிரிந்திருங்கள் என்றார் காந்தி. இருந்தார்கள். 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்தியே முன்னின்று நடத்தி வைத்தார். விதவை மறுமணம் செல்லும் என்ற சட்டம் 1856லேயே வந்துவிட்டது. சாதி கடந்த இந்துத் திருமணங்கள் செல்லும் என்று தெளிவாகச் சொன்ன சட்டம் வந்தது 1949இல்தான். இரண்டு தடைகளையும் ஒரே தாலியில் கடந்தவர் சௌந்தரம்.

கஸ்தூரிபா 1944இல் காவலில் இறந்தபின், கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் வேலையைச் சௌந்தரத்திடம் ஒப்படைத்தார் காந்தி. சென்னையிலேயே இருந்து சம்பாதித்திருக்கக்கூடிய டாக்டர், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டிக்கு வந்தார். 1947இல் காந்திகிராமம் தொடங்கியது. இரண்டு படுக்கையோடு ஆரம்பித்த பிரசவ மருத்துவமனைதான் பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குச் சௌபாக்யா இல்லம். 'தவறிய' பெண் என்று ஊர் துரத்தியவளுக்கும் அந்த வளாகத்தில் இடமிருந்தது. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம். அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள் பலர் வீட்டில் முதல் பட்டதாரியானது அங்கேதான்.

ஆத்தூர் வட்டாரத்தில் 1959இல் தொடங்கிய சுகாதார முன்னோடித் திட்டத்தைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம் உண்டு. தாய் சேய் நலத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டையும் கிராமத்துக்குள் கொண்டுபோன திட்டம் அது. ஏழெட்டுப் பிரசவத்தில் உருக்குலைந்த பெண்களைத் தினமும் பார்த்த டாக்டருக்கு அது ஏன் அவசரமாகப் பட்டது என்று புரிகிறது. அறுபதுகளில் நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்களே அதிகம். நெருக்கடி நிலைக்குப் பிறகு அந்தச் சுமை ஏறக்குறைய முழுவதும் பெண்கள் வயிற்றின் மேல் இறங்கியது. சௌந்தரத்தின் குற்றமல்ல அது. ஆனாலும் கிராமத்துப் பெண்ணின் உடம்பு அரசுத் திட்டத்தின் இலக்காக மாறிய வரலாற்றில் ஆத்தூருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தையும் நாம் படிக்க வேண்டும்.

1952இல் ஆத்தூர், 1957இல் வேடசந்தூர் என்று சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் திண்டுக்கல் எம்.பி.; அதே வருடம் பத்மபூஷணும் மத்திய அரசில் பதவியும். சுசீலா நய்யார் சுகாதார அமைச்சரானார். சௌந்தரத்துக்குக் கிடைத்தது கல்வித் துறை, அதுவும் துணை அமைச்சர் பதவி. பதினைந்து வருடம் கிராமத்தில் மருத்துவமனை நடத்தியவருக்குச் சுகாதாரத்தில் சொல்ல என்ன இல்லை? 1967 தி.மு.க. அலையில் தோற்று, காந்திகிராமத்துக்கே திரும்பினார். சுசீலா 1969இல் சேவாகிராமத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். ஒரே கல்லூரியில் படித்த இரண்டு தோழிகளும் டெல்லியில் பதவி பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கிராமத்தில் நோயாளிகளிடம் வந்து சேர்ந்தார்கள்.

சௌந்தரம் 1984இல் இறந்தார். ஆவணங்களில் அவர் 'சௌந்தரம் ராமச்சந்திரன்'. பேச்சில் பல நேரம் 'டி.வி.எஸ். மகள்'. எங்கள் பக்கத்துக் கிழவிகள் இந்த இரண்டு பெயரையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அவர் டாக்டரம்மா.