தாம்பரம் வீட்டு மாடியில் ஆர்க்கிட் பூக்குமா? எந்தச் செடி, எந்த மாசம், எந்தத் தண்ணீர்?

பரிசாக வந்தபோது தொட்டி நிறைய பூ. இரண்டு, மூன்று மாதத்தில் எல்லாம் உதிர்ந்தது. அதோடு சரி, வருஷம் முழுக்க இலை மட்டும்தான். சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் "நமக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் இதில் கைராசிக்கு வேலையே இல்லை. காரணம், நம்ம ஊர் ராத்திரி.

பூ ஏன் வரவில்லை?

பரிசாக வரும் செடி பெரும்பாலும் ஃபலனாப்சிஸ் வகை. அந்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி தட்டையான பூ இருக்கும். இது பூந்தண்டு விட வேண்டுமென்றால், சில வாரங்களுக்காவது வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால் இலை விடும், வேர் விடும், பூ மட்டும் விடாது. சென்னையில் மே மாத ராத்திரியே கிட்டத்தட்ட 28 டிகிரி. பிறகு எப்படிப் பூக்கும்?

நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு மார்கழியும் தையும்தான். அப்போது ராத்திரி வெப்பநிலை 20, 21 டிகிரி வரை இறங்கும். அந்த இரண்டு மாசமும் செடியை ஹாலில் டிவி பக்கத்தில் வைக்காமல், நேரடி வெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள பால்கனியில் வைத்துப் பாருங்கள். தண்டு எட்டிப் பார்த்த பிறகும் பூ விரிய இரண்டரை, மூன்று மாதம் ஆகும். அவசரப்படக் கூடாது.

ஏ.சி. அறையில் வைத்தால் வேலை சுலபமாகுமே என்று தோன்றும். குளிர் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பெட்ரூம் வெளிச்சமும் இதற்குப் போதாது.

அப்போ நம்ம ஊருக்கு எது சரி?

சூட்டைத் தாங்குகிற வகையைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு, நர்சரிகளில் கிடைக்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் நல்ல ஆரம்பம். கொஞ்சம் வெயில் பழகியவர்கள் வாண்டா பக்கம் போகலாம். சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக அறிவித்த 'வாண்டா மிஸ் ஜோக்கிம்', 1893-இல் பதிவான ஒரு கலப்பினம். குளிரே இல்லாத ஊரில், முழு வெயிலில் பூக்கிற செடி அது.

வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு மூன்று பெயர்கள். நரிவால் போலப் பூங்கொத்து தொங்கும் ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா, அசாமின் மாநில மலர். மத்திய அமெரிக்காவின் பிராசவோலா நோடோசா, பகலில் சும்மா இருந்துவிட்டு ராத்திரியில் மணக்கும். மூன்றாவது நம்ம மண்ணுக்கே சொந்தமான வாண்டா டெசலேட்டா. இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் நீலம் கலந்த உதடு, நல்ல வாசனை. 'வாண்டா' என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனதுதான்.

சிம்பிடியம், டென்ட்ரோபியம் நோபைல் இரண்டும் படத்தில் அழகு. ஆனால் இரண்டுக்கும் நல்ல குளிர்கால ராத்திரி வேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

மண் வேண்டாம்

இவற்றில் பெரும்பாலானவை மரத்தில் வளரும் தொற்றுத்தாவரங்கள். ஒட்டுண்ணி இல்லை. மரத்தின் சத்தை உறிஞ்சாது என்பதால் வீட்டு மாமரத்தில் கயிற்றால் கட்டியும் வளர்க்கலாம். தொட்டி என்றால் மரக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட வேண்டும். வேரைச் சுற்றி வெள்ளையாக ஸ்பாஞ்ச் போன்ற ஒரு உறை இருக்கும். நனைந்ததும் பச்சையாக மாறும். மறுபடி வெள்ளையாகத் தெரிந்தால் தண்ணீர் ஊற்றலாம் என்று அர்த்தம். இதைவிட நல்ல அலாரம் கிடையாது.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

புறநகரில் உண்மையான வில்லன் இதுதான். பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. குழாயில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு வேரிலும் படியும், வேர் நுனி கருகும். டி.டி.எஸ். அளவு 200-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. மழைநீர் பிடித்து வைத்தால் அதுதான் முதல் சாய்ஸ், அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரைச் 'சிக்கனம்' என்று ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உரமும் உப்புதான் என்பதால் பாக்கெட்டில் போட்டதில் கால் பங்கு அளவே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அப்படிக் கொட்டாவிட்டாலும், நாலு நாள் விடாத தூறலே ஃபலனாப்சிஸின் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுக வைக்கப் போதும். மழைக்காலத்தில் அதைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் தொட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். வாண்டா அந்தரத்தில் தொங்கினால் தப்பித்துவிடும்.

மலையிலிருந்து எடுத்து வரலாமா?

கூடாது. அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் மஞ்சள் நிற பாஃபியோபெடிலம் ட்ரூரியை 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டறிந்தார். சேகரிப்பவர்கள் பறித்துப் பறித்தே அது காட்டிலிருந்து அழிந்துவிட்டதாகக் கருதப்படும் நிலை வந்தது. இப்போதும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. இந்த இனமும் நீல வாண்டா, சிவப்பு வாண்டாவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. காட்டுச் செடியைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வாங்கும்போது திசு வளர்ப்பிலோ நர்சரியிலோ வளர்த்த செடியா என்று கேளுங்கள். பாசியும் மரப்பட்டையும் ஒட்டியபடி, வேர் பிய்ந்த செடி விலை மலிவாக வந்தால் சந்தேகப்படலாம்.

பாங்காக், சிங்கப்பூர் போய்விட்டு சூட்கேஸில் ஒன்றிரண்டு செடி கொண்டுவரும் ஆசைக்கும் இதே பதில்தான். செடிகளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்த நாடு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஆர்க்கிட் குடும்பமே சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இருப்பதால் பல இனங்களுக்குத் தனி அனுமதியும் தேவை. அவை இல்லாவிட்டால் செடி விமான நிலையத்தைத் தாண்டாது.